ஹேடக் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு பாப்பாவுக்கு,

ஓவனில் வைக்கும் மீன் ஒரு நாள் தண்ணீரில் மிதக்கிறது, இன்னொரு நாள் ரப்பர் மாதிரி வருகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுதி அனுப்புகிறேன், சமைக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்.

நம் வீட்டுக் குழம்பில் மீன் புளித்தண்ணீருக்குள் கிடந்து வேகும். தோலும் நடுமுள்ளும் கூடவே இருக்கும். இரண்டு நிமிடம் கூடிப்போனாலும் குழம்பு காப்பாற்றிவிடும். நீ வாங்கும் ஹேடக், காட் (cod) என்ற வெள்ளைச் சதைக் கடல்மீன்கள் அப்படி இல்லை. நூறு கிராம் சதையில் ஒரு கிராம் கொழுப்புகூடக் கிடையாது. நடுமுள் எடுத்தாகிவிட்டது, பல சமயம் தோலும் இல்லை, சுற்றிலும் காய்ந்த சூடான காற்று. உள்ளே இருக்கிற ஈரம் போனால் ருசியும் போயிற்று. அந்த ஈரம் வெளியேறாமல் வேகவைப்பதுதான் இதில் இருக்கும் வேலை. வெண்ணெயும் இலைகளும் அதற்குப் பிறகுதான்.

ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருக்கிறாய், மீனுக்குக் குறைவில்லை. உனக்கு வடக்கே இருக்கும் பீட்டர்ஹெட்தான் பிரிட்டனின் பெரிய வெள்ளை மீன் ஏலச்சந்தை. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு காட் மீனைவிட ஹேடக் மேல்தான் பிரியம், அதனால் அது நன்றாகவே கிடைக்கும். தோலோடு இருந்தால் தலைப்பக்கம் கட்டைவிரலை மையில் தொட்டுப் பதித்த மாதிரி ஒரு கறுப்பு அடையாளம் தெரியும், அதுதான் ஹேடக். கையில் காசு குறைவாக இருக்கும் வாரத்தில் கோலி (coley) என்ற மீனை வாங்கு. வேகாதபோது சாம்பல் நிறமாக இருப்பதால் பலர் ஒதுக்குவார்கள், வெந்ததும் வெளுத்துவிடும். பிளேஸ், சோல் என்ற தட்டை மீன்கள் இரண்டும் இந்த முறைக்கு வேண்டாம். ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது, வாணலியில் வெண்ணெயில் பொரித்தால்தான் அவற்றுக்கு மரியாதை.

கடைக்காரரிடம் வால் பக்கம் வேண்டாம், நடுப்பகுதி வேண்டும் என்று கேள். இரண்டு பேருக்கு 150 முதல் 170 கிராம் வரை இரண்டு துண்டு போதும். சதை ஈரப் பளபளப்போடு, லேசாக ஒளி ஊடுருவுவது போல் இருக்க வேண்டும். அடுக்குகள் வாய் பிளந்து, ஓரம் பழுப்பேறி இருந்தால் நாளானது. கடல் வாசம் வரலாம், அமோனியா நெடி வரக்கூடாது. வந்தால் எலுமிச்சை பிழிந்து சரிக்கட்டப் பார்க்காதே, தூக்கிப் போட்டுவிடு. பாக்கெட்டில் வாங்கினால் பின்பக்கத்தில் E450, E451, E452 என்று ஏதாவது இருக்கிறதா பார். அவை பாஸ்பேட். சதையில் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சேர்ப்பது. நீ காசு கொடுத்து வாங்கிய அந்தத் தண்ணீர் ஓவனில் வெளியே வந்து நிற்கும். மீன் மிதப்பதற்கு அது ஒரு காரணம்.

உறைந்த மீன் மட்டமில்லை. கப்பலிலேயே உறையவைத்தது, கரையில் மூன்று நாள் பனிக்கட்டியில் கிடந்ததைவிட நன்றாகவே இருக்கும். உருக்குவதில்தான் கெடுக்கிறோம். முந்தின இரவே ஒரு தட்டில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. காற்று உறிஞ்சி ஒட்டிய பாக்கெட் என்றால் உருகுவதற்கு முன்பே ஒரு ஓரத்தை வெட்டித் திறந்துவிடு. காற்றில்லாத இடத்தில், ஃபிரிட்ஜ் குளிரிலும்கூட, போட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும், அதனால்தான் சொல்கிறேன். அவசரமென்றால் தண்ணீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் முக்கால் மணி நேரம் வை. வெந்நீரும் மைக்ரோவேவும் வேண்டாம், ஓரம் வெந்து நடு கல்லாக நிற்கும்.

இனி நம் பழக்கம் ஒன்றை விட வேண்டும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணியில் அலசுவது முழு மீனுக்கு. அதில் செதிலும் ரத்தமும் வழவழப்பும் இருக்கும். நடுமுள் நீக்கி அறுத்த துண்டான ஃபில்லெட்டில் இது எதுவுமே இல்லை. அலசினால் சதை தண்ணீரைக் குடிக்கும், தொட்டி முழுக்கக் கிருமி தெறிக்கும், அவ்வளவுதான். கழுவாதே. கிச்சன் பேப்பரால் இரண்டு பக்கமும் ஒற்றி எடு. பேப்பர் நனைந்தால் இன்னொன்று எடு. விரலைத் தலைப்பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஓட்டினால் ஊசிமுள் நெருடும். புருவம் எடுக்கும் சாமணத்தால் முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே, அதாவது தலைப்பக்கமாக, இழு. எதிர்த்திசையில் இழுத்தால் சதை கிழியும்.

உப்பு மீனின் எடையில் நூற்றில் ஒரு பங்கு. உன் இரண்டு துண்டுக்கு 3 கிராம், தூளுப்பில் தலைதட்டிய அரை டீஸ்பூன். உப்பு வெண்ணெய் பயன்படுத்தினால் ஒரு சிட்டிகை குறை. தூவி 15 நிமிடம் விட்டுவிட்டு, மேலே கசிந்த நீரை மறுபடி ஒற்று. இந்தக் காத்திருப்பைத் தவறவிடாதே. சதை பொடிந்துபோகாமல் கட்டாக நிற்கும். வேகும்போது மேலே வெள்ளைக் கட்டியாகத் திரளுமே, அதுவும் குறையும். அந்த வெள்ளை, மீனின் புரதம் கசிந்து உறைந்தது. அழுக்கில்லை, கெட்டதற்கு அடையாளமும் இல்லை.

உப்பு ஊறும் நேரத்தில் வெண்ணெயைத் தயார் செய். 30 கிராம், உருகாமல் இளகியதாக. பொடியாக நறுக்கிய பார்ஸ்லித் தழை ஒரு டேபிள்ஸ்பூன், டில் ஒரு டீஸ்பூன், அரை எலுமிச்சையின் மஞ்சள் தோல் துருவல், நுணுக்கிய மிளகு. தோலின் அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியைத் துருவாதே, கசக்கும். டில் என்றதும் புதிதாக நினைக்காதே. நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை என்று விதையாக வாங்குவோமே, அந்தச் செடியின் தழைதான். தைம் கிடைத்தால் நாலைந்து காம்பு மீனுக்கு அடியில் போடு. முகர்ந்து பார், ஓமத்தின் வாசம் தெரியும். இரண்டிலும் இருப்பது தைமால் என்ற ஒரே பொருள். தைம், ரோஸ்மேரி போன்ற கெட்டி இலைகள் சூட்டைத் தாங்கும், அவை முதலிலேயே போகலாம். பார்ஸ்லி, டில் போன்ற மென் தழைகள் காற்றில் நேராகப் பட்டால் பத்து நிமிடத்தில் கருகும். வெண்ணெயோடு பிசைந்து வைத்தால் கொழுப்பு மூடிக் காப்பாற்றும். கொத்தமல்லித் தழைதான் இருக்கிறது என்றால் ஓவனுக்குள் வைக்காமல் கடைசியில் தூவு.

பூண்டில்தான் எல்லோரும் ஏமாறுவது. பன்னிரண்டு நிமிடத்தில் பச்சைப் பூண்டு வேகாது, காரலாக நாக்கில் நிற்கும். வேண்டுமென்றால் ஒரு பல்லைத் துருவி, கொஞ்சம் வெண்ணெயில் சிறு தீயில் ஒரு நிமிடம் வதக்கி, ஆறவைத்து மற்றதோடு கல. மிளகாய்த்தூளுக்கும் இதே கதி, இதில் சேர்க்காதே.

ஓவனை 200 டிகிரிக்கு வை, விசிறி ஓடும் ஓவன் என்றால் 180. வாடகை வீட்டு ஓவன்களில் விளக்கு அணைந்ததும் சூடு வந்துவிட்டது என்று நம்பிவிடாதே. இன்னும் ஐந்து நிமிடம் விடு. சூடு குறைந்த ஓவனில் வைத்த மீன் மெதுவாகக் கசிந்து தன் நீரிலேயே கிடக்கும். இரண்டு துண்டும் ஒரு விரல் இடைவெளியில் கச்சிதமாக அடங்கும் பாத்திரமாக எடு. பெரிய தட்டு என்றால் உருகிய வெண்ணெய் மெல்லிசாகப் பரவி ஓரத்தில் தீய்ந்துவிடும். பிறகு புகை அலாரம் அலறும், மாடியில் உள்ள எல்லோரும் கீழே இறங்கி நிற்க வேண்டியிருக்கும். அடியில் பேக்கிங் பேப்பர் போடு. மெழுகுத்தாள் வேறு, அது உருகிவிடும். வால் பக்கம் மெலிந்திருந்தால் உள்ளே மடித்து, எல்லா இடமும் ஒரே உயரமாக்கு. தோல் இருந்தால் அது கீழே.

வெண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கை மேலே தடவு. மீதியை எடுத்து வை.

நேரத்தை எடை பார்த்துச் சொல்லக்கூடாது, தடிமன் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அளவுகோலை நிறுத்தி மிகத் தடித்த இடத்தை அளந்துகொள். ஒரு சென்டிமீட்டருக்கு நாலரை முதல் ஐந்து நிமிடம். 2 சென்டிமீட்டர் ஹேடக்குக்கு ஒன்பது, பத்து. இரண்டரை சென்டிமீட்டர் காட் மீனுக்குப் பன்னிரண்டு. பீங்கான் பாத்திரம் சூடேற நேரமெடுக்கும், இரண்டு நிமிடம் சேர்த்துக்கொள். கனடாவின் மீன்வளத் துறை பரப்பிய பழைய கணக்கு ஒன்று உண்டு: 230 டிகிரியில் அங்குலத்துக்குப் பத்து நிமிடம். அதுவும் சரிதான், ஆனால் அந்தச் சூட்டில் வெண்ணெய் சீக்கிரம் கருகும். வெண்ணெய் போடும் நாளில் 200 போதும்.

எடுக்கும் பதம்தான் இதில் உயிர். மீனின் சதை நம் ஆட்டிறைச்சி மாதிரி நீண்ட நார் இல்லை. குட்டி நார்கள் அடுக்கடுக்காக நின்று, இடையில் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அந்தச் சவ்வு குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும், அதனால்தான் மீன் இதழ் இதழாகப் பிரிகிறது. அதற்கு மேலும் சூடேறினால் நார் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளும். அதுதான் உன் ரப்பர். கணக்குக்கு இரண்டு நிமிடம் முன்பே பார்க்கத் தொடங்கு. தடித்த இடத்தில் முள்கரண்டியைக் குத்தி மெல்லத் திருப்பு. இதழ்கள் வழுக்கிப் பிரிந்து, நடுவில் நூலிழை அளவு மட்டும் கண்ணாடி போல் தெரிந்தால் உடனே வெளியே எடு. முழுக்க வெளுத்த பிறகு எடுக்கலாம் என்று நின்றால், தட்டுக்கு வரும்போது தாண்டியிருக்கும். ஒரு சின்ன சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளம்மா, இந்த ஊகமே வேண்டாம். நடுவில் 60 டிகிரி காட்டும்போது எடு. சூடான பாத்திரத்திலேயே மூன்று நிமிடம் இருந்தால் அமெரிக்க அரசு சொல்லும் 63க்கு ஏறிவிடும். பிரிட்டன் சொல்வது இன்னும் கூடுதல், 70 டிகிரியில் இரண்டு நிமிடம். சாப்பிட வருபவர்களில் கர்ப்பிணியோ உடம்பு முடியாதவரோ இருந்தால் அந்த 70ஐயே எடு, கொஞ்சம் காய்ந்தாலும் பரவாயில்லை.

வெளியே எடுத்ததும் மீதி வெண்ணெயை மேலே வை. உருகி இறங்கும்போது தழைகளின் பச்சை வாசம் அப்படியே இருக்கும். எலுமிச்சைச் சாறும் இப்போதுதான். முன்பே பிழிந்து ஊறவைத்தால் புளிப்பிலேயே மேல்சதை வெந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். கடல்மீன் வாடை கிளப்பும் பொருளைப் புளிப்பு கட்டிப்போடும், எனவே பரிமாறும் நேரத்தில் நாலு சொட்டு விட்டாலே போதும்.

பாத்திரத்தில் தேங்கும் வெண்ணெய்ச் சாற்றைக் கொட்டிவிடாதே. வேகவைத்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் உடைத்து அதில் புரட்டு. பட்டாணியும் சேரும். பாத்திரத்தை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவை, வெந்நீர் ஊற்றினால் மீன் புரதம் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

மிஞ்சியதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வை, மறுநாளே முடித்துவிடு. திரும்ப ஓவனில் வைக்காதே, காய்ந்துபோகும். உதிர்த்துக்கொள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலையை எண்ணெயில் வதக்கி, கடைசியில் மீனைப் போட்டு, ஆவி பறக்கச் சூடேறும் வரை கிளறு. நம் சுறாப்புட்டு மாதிரி ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். வெண்ணெய் ஏற்கனவே இருக்கிறது, எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்கு மேல் ஊற்றாதே.

சனிக்கிழமை செய்து பார்த்துவிட்டு, எத்தனை சென்டிமீட்டர் துண்டு, எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு அனுப்பு. உன் ஓவன் சரியான சூட்டில்தான் இருக்கிறதா என்று அதை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா