தொட்டியை நிரப்பும் முன்

அன்புள்ள மகளுக்கு,

வீட்டின் முன்புறத் திறந்த வெளியில் வைப்பதற்குத் தொட்டிகள் வாங்கிவிட்டதாகவும், எதைப் போட்டு நிரப்புவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். எந்தச் செடி என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். புதிதாக வளர்ப்பவர்களின் தொட்டிகளில் தண்ணீர் இல்லாமல் காய்ந்த செடிகளைவிட, வேருக்குக் காற்றில்லாமல் அழுகிய செடிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகையால் தொட்டியின் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒவ்வொரு தொட்டியையும் கவிழ்த்துப் பார். அடியில் துளை இல்லையென்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் துளையிடாமல் அதில் எதையும் நடாதே. துளைகளின் மீது கூழாங்கல்லோ ஓட்டுச் சில்லோ கனமாகப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று உனக்குப் பலர் சொல்வார்கள். நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வரும் தவறான யோசனை அது. தொட்டியில் நிரப்பும் நுண்ணிய துகள்கள் கொண்ட மண் கலவை தன் இடுக்குகளில் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கீழே கற்களுக்கிடையே உள்ள பெரிய இடைவெளிகளுக்கு அந்த நீர் எளிதில் இறங்காது, மேலுள்ள கலவை தாங்கமுடியாத அளவுக்கு ஊறிய பிறகே இறங்கும். அதனால், எப்போதும் தொட்டியின் அடியில் தேங்கும் அந்த ஈரப் பட்டை, கற்களின் உயரத்துக்கு மேலேறி வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடுகிறது. கலவை வெளியேறாமல் இருக்கத் துளையின் மேல் ஒரு சிறு வலைத் துண்டு போதும். அதே கலவையை ஆழமற்ற தொட்டியில் போட்டாலும் ஆழமான தொட்டியில் போட்டாலும் அந்த ஈரப் பட்டையின் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், ஆழமான தொட்டியில் வேருக்குக் காற்றுள்ள இடம் அதிகம் கிடைக்கும். கீரை வகைகளுக்கு 15 முதல் 20 செ.மீ. ஆழம் போதுமானது, தக்காளி போன்றவற்றுக்கு 30 செ.மீ. ஆழமும் 20 லிட்டர் கொள்ளளவும் இருப்பது நல்லது.

தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளிப் போட்டு நிரப்பாதே. நிலத்தில் நன்றாக இருக்கும் மண்கூட, தொட்டிக்குள் தொடர்ந்து நீர் ஊற்ற ஊற்ற இறுகிக் கட்டியாகிவிடும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்லின் எடையற்ற வெள்ளைத் துகள்) அல்லது பருமணல் ஒரு பங்கு என்று கலந்துகொள். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், ஊறவைத்துப் பிழிந்து, ஓரிரு முறை நீர் மாற்றிய பின் பயன்படுத்து. உரம் மக்கியதுதானா என்பதை மூக்கே சொல்லிவிடும்: மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் சரி, நாற்றம் அடித்தால் இன்னும் காத்திரு.

நிரப்புவதற்கு முன்பே தொட்டியை அதன் இடத்தில் வைத்துவிடு. நனைந்த 20 லிட்டர் தொட்டி ஏறத்தாழ 20 கிலோ எடையை எட்டும்; பிறகு நகர்த்தினால் முதுகுதான் பேசும். கலவையை முன்கூட்டியே ஈரமாக்கிக்கொண்டு, கையால் அழுத்தாமல், தொட்டியை இலேசாகத் தட்டி அமரச் செய். விளிம்பிலிருந்து 3 செ.மீ. காலியாக விட்டால்தான் ஊற்றும் நீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும்.

நாற்றை வாங்கும்போது பூத்துக் குலுங்குவதைப் பார்த்து மயங்காதே. கச்சிதமான, பூக்கத் தொடங்காத நாற்றே விரைவில் வேர் பிடிக்கும். பையிலிருந்து எடுத்ததும் வேர்கள் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தால், விரலால் மெல்லப் பிரித்துவிடு. பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடு. தண்டைப் புதைத்தால் பல செடிகளுக்கு அடித்தண்டு அழுகும். தக்காளி மட்டும் விதிவிலக்கு. அதன் தண்டிலிருந்தே வேர் விடும் என்பதால், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகவே நடலாம். மாலையில் நட்டால் முதல் வெயிலுக்கு முன் செடிக்கு ஓர் இரவு ஓய்வு கிடைக்கும்.

நட்டவுடன் அடித்துளையில் நீர் வெளிவரும்வரை ஊற்று. கீழே தட்டு வைத்திருந்தால் தேங்கிய நீரைக் கொட்டிவிடு. அதன்பின் தினமும் இத்தனை குவளை என்று கணக்கு வைத்துக்கொள்ளாதே. சுண்டுவிரலை 3 செ.மீ. உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நிறைய ஊற்று. சுட்ட மண் தொட்டி தன் சுவர் வழியாகவும் ஈரத்தை இழப்பதால், பிளாஸ்டிக் தொட்டியைவிட விரைவில் காயும். துளை வழியாக நீரோடு சத்தும் வெளியேறிக்கொண்டே இருப்பதால், ஒரு மாதம் கழித்து இலைகள் வெளிறத் தொடங்கினால் சிறிதளவு மண்புழு உரத்தை மேலாகத் தூவி, நீர் ஊற்று.

தொட்டிகளின் ஆழத்தையும், அந்த இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதையும் அளந்து எழுது. 6 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் தக்காளியை விட்டுவிட்டு, கீரையும் புதினாவும் வைக்கலாம். புதினாவுக்கு மட்டும் தனித் தொட்டி ஒதுக்கு, அது பக்கத்தில் எதையும் வளர விடாது.

அன்புடன்,
அப்பா