சேவைக் கட்டணத்தைக் கேட்காமலே பில்லில் சேர்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சனி, ஞாயிறு என்றால் புதுச்சேரியில் வெளியூர்க் கூட்டம் நிரம்பி வழிகிறது. வந்தவர் திரும்பி வரப்போவதில்லை என்ற எண்ணத்திலேயே சில உணவகங்கள் நடந்துகொள்கின்றன. சென்ற ஞாயிறு மதியம் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை வைத்தே இதைச் சொல்கிறேன்.

சாப்பாடும் வஞ்சிரம் வறுவலும் கேட்டோம். மெனு கார்டில் மீனுக்கு விலை இல்லை, 'சைஸைப் பொறுத்து' என்று மட்டும் இருந்தது. பரிமாறிய தம்பிக்கும் விலை தெரியவில்லை. வெகுநேரம் கழித்து வந்த மீனில் மசாலாவையும் மீறிக் கெட்ட வாடை அடித்தது. நல்ல வஞ்சிரம் வறுத்த பிறகும் இதழ் இதழாகப் பிரியும். இது கை பட்டதுமே கூழாகிவிட்டது. என் மாமியார் கடலூர் முதுநகரில் படகிலிருந்து இறங்கும் மீனைப் பார்த்து வாங்கியே பழகியவர். ஒரு வாய் வைத்ததும் பிள்ளைகள் தட்டிலிருந்த மீனையெல்லாம் எடுத்துவிட்டார்.

அவர் செய்தது சரி. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைச் சரியாக ஐஸில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலியும் வாந்தியும் வரலாம். நல்ல மீன் இல்லையென்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வஞ்சிரம் கிடைக்காமல் காலம் தள்ளுகிற ஊர்க்காரர்கள்தானே நாங்கள்? குழம்பும் ரசமும் போதும் என்றிருப்போம்.

மேலாளரைக் கூப்பிட்டோம். தட்டைக் குனிந்துகூடப் பார்க்காமல், "மத்த டேபிள்ல எல்லாம் சாப்பிடுறாங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மீனை விட அந்தப் பதில்தான் எங்களை அதிகம் புண்படுத்தியது.

அப்புறம் பில் வந்தது. தொடாத மீனுக்கும் முழு விலை. அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். இரண்டையும் கூட்டி அந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி. சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொன்னால், கம்ப்யூட்டரில் தானாக வருகிறது, எடுக்க முடியாது என்றார் கல்லாவில் இருந்தவர். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் என் கணவர் பணத்தைக் கட்டிவிட்டார்.

அந்தக் கல்லாக்காரர் சொன்னது தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எந்த உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. உணவு விலையோடு அதைச் சேர்த்து ஜிஎஸ்டி போடவும் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில், 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஜிஎஸ்டி அரசுக்குப் போகிற வரி, கட்டித்தான் ஆக வேண்டும். சேவைக் கட்டணம் உணவகம் தானே போட்டுக்கொள்வது. நம் மக்கள் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள்.

டிப்ஸ் கொடுக்க நாங்கள் தயங்குகிறவர்கள் இல்லை. எங்களுக்குப் பரிமாறிய தம்பி ஓடி ஓடி வேலை செய்தார், மீனுக்காக வருத்தமும் தெரிவித்தார். அவர் கையில் தனியாகப் பணம் கொடுத்தோம். பில்லில் பிடித்த பணத்தில் அவருக்கு எவ்வளவு போகும் என்று யார் சொல்ல முடியும்?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். இப்படி அனுபவப்பட்ட மற்றவர்களும் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து புகார் செய்ய வேண்டும். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கட்டாயம்.

புதுச்சேரி அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் வார இறுதி நாட்களில் இந்த உணவகங்களுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மீன் வைக்கும் ஐஸ் பெட்டியையும் பில் போடும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். 'சேவைக் கட்டணம் கட்டாயமல்ல' என்ற பலகையைத் தமிழில் ஒவ்வொரு கல்லாவிலும் வைக்க உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கடலூர் முதுநகர்.