மீட்புப் படகின் டிரெய்லரையும் மழைக்கு முன் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் மீட்புப் படகுகளும் உயிர்காப்பு உடைகளும் தயார் நிலையில் இருப்பதாகச் செய்திகள் வருகின்றன. அந்தப் படகை வெள்ளம் சூழ்ந்த ஊர்வரை கொண்டு சேர்க்க வேண்டிய டிரெய்லரைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இருப்பதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் உள்ளிட்ட தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டபோது, படகு எப்போது வந்து சேரும் என்பதே உயிர்ப் பிரச்சினையாக இருந்ததை எங்கள் மாவட்டத்தார் மறக்கவில்லை. படகு எத்தனை நன்றாக இருந்தாலும், வழியில் டிரெய்லர் நின்றுவிட்டால் அதனால் யாருக்கும் பயனில்லை.

டிரெய்லரில் முதலில் கெடுவது சக்கர பேரிங்தான். நெடுஞ்சாலையில் ஓடி வந்த ஹப் (பேரிங் அமர்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) சூடாக இருக்கும். படகை இறக்குவதற்காக அந்தச் சூட்டோடு டிரெய்லரை நீருக்குள் தள்ளும்போது, ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ஆயில் சீல் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்துத் தன் வழுவழுப்பை இழக்கிறது. பிறகு டிரெய்லர் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும்போது பேரிங்கில் துரு ஏறுகிறது. அடுத்த மழைக்கு இழுத்துச் செல்கையில் பேரிங் இறுகிச் சக்கரமே கழன்றுவிடவும் கூடும். ஹப் ஆறும்வரை காத்திருந்து இறக்குவது முறை என்றாலும், ஆபத்து நேரத்தில் அதற்கு அவகாசம் இராது என்பதால், பணி முடிந்து திரும்பியதும் ஹப்பைத் திறந்து, பேரிங்கைக் கழுவிப் பார்த்து, நீருக்குத் தாங்கும் கிரீஸையும் புதிய சீலையும் போடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒத்திகைக்காகக் கடல்நீரில் இறக்கியிருந்தால், அன்றே டிரெய்லர் முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவுவதும் அவசியம்.

டயர் விஷயத்தில் கண் ஏமாற்றுகிறது. டிரெய்லர் அதிகம் ஓடாததால் டயரின் பட்டன் (தரையில் படும் வரிகள்) தேயாமல் புதிதுபோல் தெரியும். ஆனால் வெயிலிலும், ஒரே இடத்தில் பாரம் தாங்கி நிற்பதிலும் அதன் பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். அந்தச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3518 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரை, பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. இழுக்கும் ஜீப்பின் ஸ்டெப்னி பெரும்பாலும் டிரெய்லருக்குப் பொருந்தாது என்பதால், டிரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னியும் ஜாக்கியும் வேண்டும்.

படகை ஏற்றும் முறையும் முக்கியமானது. இன்ஜின் அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், தொங்குவதால், படகு சற்றுப் பின்தள்ளி அமர்ந்தாலும் டிரெய்லரை ஜீப்போடு இணைக்கும் கொக்கியின் மேல் பாரம் குறைந்து, வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுந்த வேண்டும். ஆட்டம் கண்டால் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி வேகம் குறைக்கப் பழகியிருக்க வேண்டும். அணியத்தில் (முன்முனையில்) படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டையை மட்டும் நம்பாமல் அமரத்தையும் தனியே கட்டுவதும், பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் பூட்டுவதும் விட்டுவிடக் கூடாதவை. பின்விளக்குகள் எரிகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கொட்டும் மழையில், இரவில்தான் இந்த வண்டிகள் சாலைக்கு வருகின்றன.

எனவே, செப்டம்பர் மாதத்திலேயே மாவட்ட நிர்வாகங்கள் ஒவ்வொரு டிரெய்லரையும் படகும் இன்ஜினும் ஏற்றிய நிலையில் இருபது கிலோமீட்டராவது இழுத்துச் சென்று, நிறுத்தி, ஹப்பைத் தொட்டுப் பார்க்க ஆணையிட வேண்டும். கொட்டகையில் நிற்கும் வண்டியைச் சுற்றிவந்து கையெழுத்திடுவதால் பேரிங்கின் நிலை தெரியாது. ஹப்பில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு இருந்தால் அந்த டிரெய்லரைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, மாற்று ஏற்பாட்டை அக்டோபருக்குள் முடிக்க வேண்டும். கடைசியாகக் கிரீஸ் மாற்றிய தேதியை டிரெய்லரின் சட்டத்திலேயே பெயிண்டால் எழுதிவைத்தால், அதிகாரி மாறினாலும் விவரம் மாறாது.

இப்படிக்கு,
கடலோரப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.