மெடிக்கல் கடைக்காரர்களுக்கு, கரப்பான் பிள்ளையின் அம்மா எழுதுவது

மெடிக்கல் கடை நடத்தும் அண்ணன்மாருக்கும், கடையில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

என் மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கரப்பான் என்கிற தோல் அரிப்பு நோய். முழங்கை மடிப்பும் கழுத்தும் சொறிந்து சொறிந்து தடித்துப்போயிருக்கும். ஐந்து வயதில் ஒருநாள் காய்ச்சலோடு கழுத்தில் கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பியது. மாமியார் அம்மை என்று வேப்பிலை வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா, "இது அக்கி, குயவர்கிட்ட காவியில எழுதினா போயிடும்" என்றார். நான் எங்கள் தெருக் கடைக்குத்தான் ஓடினேன். "வழக்கமா வாங்குறதுதானேம்மா, தடவுங்க" என்று ஒரு ட்யூபைக் கொடுத்தார்கள். தடவினேன். விடிவதற்குள் கொப்புளம் கண்ணிமை வரை ஏறிவிட்டது.

அம்மையுமில்லை, அக்கியுமில்லை என்றார் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர். பெரியவர்களுக்கு உதட்டோரம் வந்துபோகும் கொப்புளத்தின் ஹெர்பெஸ் வைரஸ்தானாம். நல்ல தோலில் பெரும்பாலும் ஓரிடத்தோடு நின்றுவிடும். கரப்பான் பிடித்த தோலில் காப்பு குறைவு, மளமளவென்று பரவிவிடலாம். எக்ஸிமா ஹெர்பெட்டிகம் என்று பெயர். ஒரே அளவில், துளை போட்டாற்போல் வட்டவட்டப் புண்கள். கருவிழியைத் தொட்டால் பார்வை போகலாம்; உள்ளுறுப்புகளுக்குப் பரவினால் உயிரே போகலாம். நரம்பு வழியாக ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை ஏற்றினார்கள். கண் தப்பியது.

முந்தின வாரம் என் உதட்டில் அப்படியொரு கொப்புளம் இருந்தது. அதோடுதான் அவளை முத்தமிட்டேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அந்த ட்யூபில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருந்தன. வைரஸுக்கு ஒன்றுமில்லை. ஸ்டீராய்டைக் குறை சொல்லவில்லை. டாக்டர் அளவு பார்த்து எழுதித்தந்த ஸ்டீராய்டில்தான் இன்று என் மகள் அரிப்பில்லாமல் தூங்குகிறாள். ஆனால் பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா? அதே ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர், சீட்டில்லாமல் வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவியவர், சட்டென நிறுத்தியதும் உச்சிமுதல் உள்ளங்கால்வரை சிவந்து தோல் உரிய, சித்திரை வெயிலில் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

கரப்பான் பிள்ளைக்கு என்று யார் வந்தாலும், "காய்ச்சல் இருக்கா? நீர்க்கொப்புளம் இருக்கா?" என்று கேளுங்கள். ஆமென்றால் ட்யூபை எடுக்காதீர்கள். ராத்திரியானாலும் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். எங்களைப் போன்றவர்கள் முதலில் வருவது உங்களிடம்தான்.

இப்படிக்கு,
ஒரு கரப்பான் பிள்ளையின் அம்மா