கையில ஒட்டிக்கிட்டு வர்ற ஃபங்கஸ்

ஆசிரியருக்கு வணக்கம். ஆஸ்பத்திரி கிருமின்னா எல்லாரும் பாக்டீரியா பத்தியே பேசுறாங்க, ஃபங்கஸை, அதாவது பூஞ்சையை, யாரும் கண்டுக்கிறதில்ல. குறைமாசத்துல பொறந்து ஐசியுல இருக்குற குழந்தைக்கு தோலே முழுசா உருவாகியிருக்காது, எதிர்ப்பு சக்தியும் கம்மி, போதாததுக்கு ரத்தக்குழாய்ல டியூப் வேற, அது வழியாத்தான் கொழுப்புச்சத்து, மருந்து எல்லாம் போகும், அந்த டியூப்ல கேண்டிடா பாராப்சிலோசிஸ் மாதிரி ஒரு ஃபங்கஸ் ஒட்டிக்கிச்சுன்னா படலம் கட்டி உக்காந்துக்கும், மருந்துக்கு லேசுல அசையாது. இது பெரும்பாலும் வந்து சேர்றது பாத்துக்கிறவங்க கையில இருந்துதான்.

1998-ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வு ஞாபகம் வருது. பச்சைக்குழந்தைங்க ஐசியுல மலசீசியா பேக்கிடெர்மாடிஸ்னு ஒரு ஃபங்கஸ் பரவிச்சு. அது சாதாரணமா நாய் காதுல இருக்குறது! தேடிப் பாத்தா, ஊழியர்கள் வீட்டு நாய்ங்ககிட்ட இருந்து அவங்க கை வழியா வந்திருக்கலாம்னு தெரிஞ்சுது. அதுக்காக நாய் வளக்காதீங்கன்னு சொல்ல முடியுமா, கையை ஒழுங்கா கழுவினா போதும்.

கிளவுஸ் போட்டுட்டா கழுவ வேணாம்னு சிலர் நினைக்கிறாங்க, அது தப்பு, கழட்டினதும் கழுவணும். செயற்கை நகம், மோதிரம் கூடவே கூடாது. ஆனா நர்ஸ்களை மட்டும் திட்டுறதுல எனக்கு உடன்பாடில்ல, ஒரே ஆள் நிறைய குழந்தைங்களைப் பாத்தா ஒவ்வொரு தடவையும் ஹேண்ட் ரப் (கையில தேய்ச்சுக்கிற கிருமிநாசினி) போட்டு 20, 30 செகண்ட் தேய்க்க எங்க நேரம்? ஆளைக் கூட்டுங்க, ஒவ்வொரு இன்குபேட்டர் பக்கத்துலயும் ஒரு பாட்டில் வையுங்க, காலியானா அன்னைக்கே மாத்துங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்