படகு எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய டூ ஸ்ட்ரோக் படகு எஞ்சினை வாங்கவே கூடாது, நடுக்கடலில் சூடேறி நின்றுவிடும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். பினாங்கில் பத்து காவான், நிபோங் திபால் பக்கம் தூண்டில் போடப் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய யமஹா 15 குதிரைத்திறன் எஞ்சின். புலாவ் அமான் பக்கம் கொடுவா தேடிப் போவதெல்லாம் அதில்தான். சூடேறும் எஞ்சினைப் பார்த்தால் முதலில் அதன் வயசைக் கேட்காதீர்கள், தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். அந்தத் தண்ணீர்ப் பாதையைக் கழுவ, படகு இறக்கும் துறையான ஜெட்டியில் நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

இந்த எஞ்சின்களில் ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணீரையே கீழே இருக்கும் பம்ப் உறிஞ்சி மேலே அனுப்பும். அதில் கொஞ்சம் பின்பக்கத் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். எஞ்சினை முடுக்கியதும் அந்தப் பீய்ச்சலைத்தான் பார்க்க வேண்டும். மெலிந்து சொட்டினால் உடனே நிறுத்துங்கள். துளையில் மண் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியை விட்டால் சரியாகிவிடும். அப்படியும் வராவிட்டால் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரைச் சந்தேகப்படலாம். அது வெறும் ரப்பர். தண்ணீர்தான் அதற்கு மசகு. தண்ணீரில்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே தேய்ந்து கிழிந்துவிடும். பினாங்கு நீரிணையில், அதிலும் தண்ணீர் வற்றும் நேரத்தில், புரொப்பெல்லர் சேற்றைக் கிளறிக்கொண்டு போகிறது. அந்தச் சேறெல்லாம் பம்புக்குள் போகாமல் எங்கே போகும்?

பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை மெஷின்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன் நான். அதனால் இதெல்லாம் எனக்குச் சுலபம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். உண்மையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலைதான். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பைக் கழற்றி, கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் அந்தப் பகுதி மொத்தமாக இறங்கிவிடும். பம்ப் மூடியைத் திறந்து பழைய இம்பெல்லரை எடுங்கள். அதை ஷாஃப்டோடு பூட்டியிருக்கும் சின்னச் சாவித்துண்டைத் தொலைத்துவிடாதீர்கள், தரையில் விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. புதியதைக் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஷாஃப்டை எஞ்சின் சுற்றும் திசையிலேயே திருகிக்கொண்டு உள்ளே அழுத்த வேண்டும். மாற்றித் திருகினால் இறக்கைகள் எதிர்ப்பக்கம் மடங்கிவிடும். பழையதில் ஒரு இறக்கை உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு மேலே எங்கோ தண்ணீர்ப் பாதையில் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை எடுக்காமல் பூட்டினால் செய்த வேலை வீண். போல்ட்டுகளைத் திரும்பப் போடும்போது கடலுக்கென்றே விற்கும் கிரீஸைத் தடவுங்கள். அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் உப்போடு சேர்ந்து இறுகிவிட்டால், அடுத்த முறை கழற்றும்போது உடைந்துதான் வரும்.

கியர் ஆயிலும் வீட்டிலேயே மாற்றக்கூடியதுதான். கியர் பெட்டியின் கீழ்த் திருகாணியைக் கழற்றி, பிறகு மேல் திருகாணியையும் கழற்றினால் ஆயில் வடிந்துவிடும். புதிய ஆயிலை மேலே ஊற்றக் கூடாது. கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்போது முதலில் மேலே மூட வேண்டும். வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். வடிந்த ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. தூண்டில்காரர்களிடம் இதற்குப் பெரும்பாலும் தூண்டில் நரம்பான தங்கூசிதான் காரணம். அறுந்த நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தை அறுத்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

பெட்ரோலில் ஆயில் கலப்பதைப் பொறுத்தவரை, என் எஞ்சினுக்கு 50-க்கு 1 கணக்கு: 10 லிட்டருக்கு 200 மில்லி ஆயில். உங்கள் எஞ்சினுக்கு என்ன அளவு என்பதை அதன் புத்தகத்தில் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலை ஊற்றிவிட்டு கார்பரேட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலிண்டர் பக்கம் கை வைக்கத் தேவை வந்தாலும், கம்ப்யூட்டர் வைத்த புது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கோளாறு வந்தாலும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் இம்பெல்லருக்கும் கியர் ஆயிலுக்கும் பட்டறை மெக்கானிக்கான போர்மேனுக்குக் கூலி கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒருமுறை ஒரு பட்டறையில், வாசகர் சொன்ன இதே சூட்டுக்கு எஞ்சினையே மாற்றச் சொன்னார்கள். நான் வீட்டில் இம்பெல்லரை மாற்றினேன், அதோடு சரியாகிவிட்டது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். உப்பு காய்ந்து தண்ணீர்ப் பாதையை அடைக்காமல் இருக்க, கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓட்டிக் கழுவ வேண்டும். நான் வீட்டுக்கு வந்து நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி இறக்கி, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட விடுகிறேன். புகை சேராதபடி வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பது வேறு கதை. ஆனால் ஜெட்டியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் சூடான எஞ்சினில் உப்பு காயத் தொடங்கிவிடுகிறது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் டிரம்மை எங்கே வைப்பார்கள்?

நான் படகு இறக்கும் சிறு ஜெட்டியில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய்கூட இல்லை. பிழைப்புக்காகக் கடலுக்குப் போகும் மலாய், சீன மீனவர்களும் அங்கே வாளியில் தண்ணீர் சுமக்கிறார்கள். சிறு ஜெட்டிகளைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குழாயும், எஞ்சினில் மாட்டும் அளவுக்கு நீளமான ஹோஸும் போட்டுத் தர வேண்டும். இலவசமாக வேண்டாம். கழுவும் ஒவ்வொரு முறைக்கும் இரண்டு வெள்ளி என்று வைத்தாலும் தருகிறோம். ஹோஸ் காணாமல் போகும் என்ற பயம் இருந்தால் குழாயை மட்டும் போடுங்கள், ஹோஸை நாங்களே கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
தூண்டில்காரர் ஒருவர்,
சிம்பாங் அம்பாட், பினாங்கு.