கொருக்குப்பேட்டையில் பார்த்த ரேக்கை சேலத்தில் பிடிப்பது எப்படி

சேலம்

அன்புள்ள முருகேசா,

கடிதமும் பட்டியலும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சுகம். ஏற்காடு மலையில் மழை இறங்கிவிட்டது, ஜங்ஷன் பக்கம் சாயங்காலக் காற்று நன்றாக இருக்கிறது. தண்டையார்பேட்டை வீடு உங்களுக்குப் பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

நீ அங்கே பார்க்கும் சரக்கு ரயிலின் ரேக்கை, அதாவது ஒன்றாகக் கோத்து ஓடும் வேகன் வரிசையை, நான் இங்கே அடையாளம் பிடிப்பதற்காக அனுப்பிய பட்டியலைப் பற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முழுக்க இன்ஜின் எண்களாகவே எழுதி வைத்திருக்கிறாய். சரக்கு ரயிலில் இன்ஜின் கூலிக்கு வந்த ஆள் மாதிரி, எங்கே வேண்டுமானாலும் கழற்றி வேறொன்றை மாட்டிவிடுவார்கள். நீ கொருக்குப்பேட்டையில் பார்த்த அதே கூட்ஸ்தான் சேலத்துக்கு வந்ததா என்று தெரிய வேகன் எண்தான் வேண்டும். முதல் வேகன், கடைசி வேகன், பிரேக் வேன் (வால்பக்கம் கார்டு இருக்கும் பெட்டி), இந்த மூன்றின் எண்ணையும் எழுது. மூன்று எதற்கென்றால், வழியில் பழுதான வேகனை 'சிக்' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒன்று போனாலும் மற்ற இரண்டில் பிடித்துக்கொள்ளலாம்.

வேகன் எண் 11 இலக்கம். முதல் இரண்டும் வேகனின் வகை: 10 முதல் 29 வரை திறந்த வேகன், 30 முதல் 39 வரை மூடிய வேகன், 40 முதல் 54 வரை டேங்கர். அடுத்த இரண்டு எந்த ரயில்வேயின் சொத்து என்பது (நம் தெற்கு ரயில்வே 06), அதற்கடுத்த இரண்டு செய்த ஆண்டு, பிறகு நான்கு வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்க்க. ஓடும் வண்டியில் 1-ஐ 7 என்றும் 3-ஐ 8 என்றும் படித்துவிடுவது சகஜம், அந்தத் தவறை இந்தக் கடைசி இலக்கம் காட்டிக்கொடுக்கும். 22061435713 என்று ஒரு எண்ணை எடுத்துக்கொள். முதல் பத்தில் இரட்டைப்படை இடங்களில் நிற்பவை 2, 6, 4, 5, 1. கூட்டினால் 18, மூன்றால் பெருக்கினால் 54. ஒற்றைப்படை இடங்களில் 2, 0, 1, 3, 7, கூட்டினால் 13. மொத்தம் 67. அடுத்த பத்தின் மடங்கான 70-ஐ எட்ட 3 வேண்டும், கடைசி இலக்கமும் 3. ஒத்துவராத எண்ணை எனக்கு அனுப்பாதே, அதைத் தேடி இங்கே தலையை உடைத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது, லோடா காலியா என்பதைக் கட்டாயம் குறி. பிளாட்பாரத்தில் நின்றால், நிலக்கரி ஏற்றும் திறந்த வேகனான பாக்ஸ்என்னுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, பக்கச் சுவர் மறைக்கும். நடைமேம்பாலத்தில் ஏறினால் கரி தெரியும். ஏற முடியாவிட்டால் போகியின் (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) ஸ்பிரிங்கைப் பார்: சுருள்களுக்கு நடுவே இடைவெளி நன்றாகத் தெரிந்தால் காலி, நெருங்கி அமுங்கியிருந்தால் லோடு. இருட்டில் காதுதான். காலி வண்டி தகர டப்பாவாக அதிரும், லோடு வண்டி அடித்தொண்டையில் போகும்.

அந்தச் சத்தத்திலேயே இன்னொன்றும் கேட்கலாம். 'டக் டக் டக்' என்ற தட்டு ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கேட்டால் அது தண்டவாள இணைப்பு. தட்டு ஒரு வேகனோடு சேர்ந்து நகர்ந்து போனால் அந்த வேகனின் சக்கரம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. பழைய வேகன்களில் எம்ட்டி (காலி), லோடு என்று பிரேக்கை மாற்ற ஒரு கைப்பிடி உண்டு. கரியை இறக்கிய பிறகு அதை 'லோடு' நிலையிலேயே விட்டுவிட்டால், காலி வேகனுக்குப் பிரேக் மிதமிஞ்சிப் பிடிக்கும். சக்கரம் சுழலாமல் வழுக்கி ஓரிடத்திலேயே தேயும். மாறாக லோடு வேகனில் 'எம்ட்டி'யில் கிடந்தால் பிரேக் போதாது. நம் பக்கம் லோக்கூரிலிருந்து தானிஷ்பேட்டைக்கு இறங்கும் மலைப்பாதையில் அது விளையாட்டல்ல. புது வேகன்களில் எடையை உணர்ந்து தானாக மாறும் சாதனம் வந்துவிட்டது.

வேகத்துக்கு ஸ்டாப் வாட்ச் வேண்டியதில்லை. பாக்ஸ்என் ஒன்றின் நீளம் 10.7 மீட்டர். வினாடிக்கு ஒரு வேகன் கடந்தால் மணிக்கு 38 அல்லது 39 கி.மீ. இரண்டு வினாடிக்கு ஒன்றென்றால் அதில் பாதி. 58 வேகன் கொண்ட ரேக் 620 மீட்டருக்கு மேல் வரும், இன்ஜினும் பிரேக் வேனும் தனி.

இனி உன் பக்கத்து விஷயம். ராயபுரம் துறைமுகப் பாதையில் கரி வண்டியை எதிர்பார்த்து நிற்காதே. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்று, கரி எண்ணூருக்குப் போய்விட்டது. அங்கே இறங்கும் கரியிலும் வடசென்னை அனல்மின் நிலையத்துக்கானது கன்வேயரிலேயே போய்விடும். ரயிலில் ஏறுவது மேட்டூர் போன்ற உள்நாட்டு நிலையங்களுக்கு. ஆகவே உனக்குக் கரி அத்திப்பட்டுப் பக்கமிருந்து வரும், கன்டெய்னர் துறைமுகப் பக்கமிருந்து வரும். இரண்டும் சேரும் கொருக்குப்பேட்டைதான் நிற்கத் தோதான இடம். ஆபீஸ் நேரத்தில் மின்சார ரயில்களுக்கு வழிவிட்டு கூட்ஸ் நின்றுவிடும், நிற்கும் வண்டியில் எண் எழுதுவது சுலபம்.

கன்டெய்னர் ரேக் என்றால் பிஎல்சி எனப்படும் கன்டெய்னர் வேகன் 45, இருபதடிப் பெட்டி 90 ஏறும். ஐந்தைந்தாகக் கோத்த தொகுப்பு என்பதால் சுலபத்தில் பிரியாது. ஆனால் பெட்டி எண்ணை எழுதிப் பயனில்லை, அடுத்த கிடங்கில் இறங்கிவிடும். வேகன் எண்ணையே எழுது.

மேட்டூர் கரி வண்டி அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, பொம்மிடி வழியாகச் சேலம் வந்து, ஓமலூர், மேச்சேரி ரோடு கடந்து போகும். சென்னையிலிருந்து சேலம் 334 கி.மீ. சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. அளவில்தான், அதனால் நீ பார்த்ததிலிருந்து பதிமூன்று மணி நேரம் கழித்து நான் கவனிக்கத் தொடங்கினால் போதும். மேட்டூரில் டிப்ளர் என்ற இயந்திரம் வேகனையே கவிழ்த்துக் கொட்டும். கரி நனைந்திருந்தால் ஒட்டிக்கொண்டு கீழே விழாது, இறக்குவது இழுக்கும், காலி ரேக் உன்னிடம் திரும்புவதும் தள்ளிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் காலி ரேக்குக்காக நாள் கணக்கு போடாதே. செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட் ஸ்டேஷனுக்கு வரும் அரிசி, உர வண்டிகளை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும், பையில் வைத்துக்கொள். தண்டையார்பேட்டை யார்டுக்குள் கால் வைக்காதே, ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. துறைமுகச் சுற்றுச்சுவர்ப் பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம். வேகன் கதவு திறந்து தொங்கினாலோ, சக்கரத்தில் புகையோ கருகல் வாடையோ வந்தாலோ எண்ணை எழுதிக்கொண்டு நிற்காமல் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடு. எத்தனையாவது வேகன், எந்தப் பக்கம் என்று சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள்.

தேதி, நேரம், போகும் திசை, லோடா காலியா, மூன்று எண்கள், இவற்றை எழுதி முதல் தாளை அனுப்பு. நேரத்தை 24 மணிக் கணக்கில் போடு, இரவு 12-ஐத் தாண்டினால் தேதியை மாற்ற மறக்காதே. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
தங்கவேல்